கோபம் செபமாகுமா?

டிசம்பர் பிறந்துவிட்டால் சாந்தோம் நெடுஞ்சாலையில் பாலன் ஏசு கரீபியன் தாளத்தில்தான் பிறப்பார். ஸ்டார் விற்கிற கடையில் போனி எம், பிளம் கேக் விற்கிற பேக்கரியில் போனி எம், குடில் கட்டுகிற பையன்களின் ஸ்பீக்கரிலும் போனி எம். ஜெர்மனியில் உருவான குழுதான். ஆனால் அதன் நான்கு முகங்களில் இருவர் ஜமைக்காவில் பிறந்த பெண்கள், மூன்றாமவர் மான்ட்செராட் தீவுக்காரர், முன்னால் நின்று ஆடியவர் அரூபாக்காரர். அவர்கள் பாடிய 'மேரிஸ் பாய் சைல்ட்' பாட்டை 1956-லேயே ஊரறியச் செய்த ஹாரி பெலஃபான்டேயின் தாயாரும் ஜமைக்காக்காரர். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. ஜிம் ரீவ்ஸ், பெலஃபான்டே, போனி எம் எல்லாமே அவர்களுக்கு 'இங்கிலீஷ் பாட்டு'. ராத்திரிப் பூசைக்குக் கிளம்பும்போது அது ஓடவேண்டும், அவ்வளவுதான்.

நான் கோயிலில் கிட்டார் வாசிக்கிறவன். கல்யாண ரிசப்ஷன்களிலும் வாசித்திருக்கிறேன். சோறு அதில்தான் வந்தது. கோயிலில் காசு வாங்குவதில்லை. ஜமைக்காவின் ஸ்காவும் ரெகேயும் எனக்கு வந்துசேர்ந்தது இந்த போனி எம் வழியாகத்தான். 1978-இல் அவர்கள் போட்ட 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' இங்கிலாந்தில் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. மெட்ராசில் அது பிக்னிக் பாட்டு. வேன் எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் போகிற பங்கு இளைஞர் குழு கைதட்டித் தட்டிப் பாடும். அழுகிறவர்களின் பாட்டுக்குக் கைதட்டுகிறோம் என்று அந்த வேனில் ஒருவருக்கும் உறைக்காது. மெட்டு அப்படி.

விவிலியத்தில் அது திருப்பாடல் 137. கி.மு. 587-இல் பாபிலோனியர்கள் எருசலேமை இடித்துத் தள்ளி, சனங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். போன இடத்தில் ஆற்றோரம் உட்கார்ந்து அழுகிறார்கள். பிடித்துவந்தவன் பக்கத்தில் வந்து, உங்கள் ஊர்க் கோயில் பாட்டு ஒன்று எடுத்துவிடுங்களேன் என்கிறான். பொழுது போகவேண்டுமே அவனுக்கு. இவர்கள் யாழை மரத்தில் மாட்டிவிட்டு மாட்டோம் என்கிறார்கள். ஆறு வசனம் வரைக்கும் இதுதான். அதற்குப் பிறகு மூன்று வசனம் இருக்கிறது. எருசலேம் இடிபட்டபோது நின்று கொக்கரித்த ஏதோமியரைக் கடவுள் மறந்துவிடக் கூடாது என்று முறையிட்டு, பாபிலோனின் பச்சைக் குழந்தைகளைப் பாறையில் மோதப்போகிறவனுக்கு வாழ்த்துச் சொல்லி முடிகிறது பாட்டு.

கோயிலில் இந்த மூன்று வசனத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஞாயிறு பூசைகளில், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு வாசகங்களில் மட்டும் இது பதிலுரைப் பாடலாக வரும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை. அதிலும் ஆறோடு நிறுத்திவிடுவார்கள். குருக்களும் கன்னியரும் தினமும் சொல்கிற திருப்புகழ்மாலையிலும் அந்தப் பகுதி கிடையாது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திருத்தியபோது 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களை முழுசாகவே எடுத்துவிட்டு, இன்னும் பலவற்றில் சாப வசனங்களை மட்டும் கத்தரித்தார்கள். செபிக்கிறவர்களுக்கு மனச்சங்கடம் வேண்டாம் என்று.

2024 மார்ச் 10-ஆம் தேதி அந்த ஞாயிறு வந்தது. அதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் பாடகர் குழுவில் கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிற ஒரு பெண் உண்டு. கல்லூரியில் படிக்கிறாள். அம்மா லூப் ரோட்டில் மீன் விற்கிறார். என்னிடம்தான் கிட்டார் கற்றுக்கொண்டாள். எதையும் முழுசாகப் பார்க்காமல் விடமாட்டாள். செல்போனில் விவிலியத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாஸ்டர், நம்ம ஷீட்ல ஆறோட நிக்குது. இதுல ஒம்போது வரைக்கும் இருக்கே?"

"அது பூசையில வராதும்மா."

"ஏன்?"

"படிச்சுப் பாரு, தெரியும்."

படித்தாள். பக்கத்திலிருந்தவளிடமும் காட்டினாள். அப்புறம், "இதுவும் செபம்தானா மாஸ்டர்?" என்றாள்.

எங்கள் பாதர் படித்தவர். அவரிடம் கேட்கச் சொன்னேன். அவர் மூன்றாம் நூற்றாண்டு ஒரிஜனிலிருந்து ஆரம்பித்தார். பாபிலோன் என்பது பாவம். அதன் குழந்தைகள் என்பது மனதில் முளைவிடும் கெட்ட நினைப்பு. பாறை என்பது கிறிஸ்து. நினைப்பு சின்னதாக இருக்கும்போதே கிறிஸ்துவின் மேல் மோதி உடைத்துவிடவேண்டும். புனித அகுஸ்தினாரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். அழகான விளக்கம். இவள் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "குழந்தைன்னா குழந்தைதானே மாஸ்டர்?" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆறு வசனம் வரைக்கும் நிஜமான ஆறு, நிஜமான மரம், நிஜமான கண்ணீர். அதற்குப் பிறகு மட்டும் எல்லாமே உருவகமாகிவிடுமா?

இதே பாட்டை ஜமைக்காவில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியம். 1970-இல் 'மெலோடியன்ஸ்' என்ற மூவர் குழு அதைப் பதிவு செய்தது. எழுதியவர்கள் பிரென்ட் டவ், டிரெவர் மெக்நாட்டன். தயாரித்தவர் லெஸ்லி காங், கிங்ஸ்டனில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த சீன வம்சாவளிக்காரர். யூதர்களின் புலம்பலை, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பேரப்பிள்ளைகள் பாட, சீனர் ஒருவர் தட்டு போட்டு விற்றார். பாட்டில் ஆண்டவர் இருக்கவேண்டிய இடத்தில் எத்தியோப்பியப் பேரரசரை வைத்திருந்தார்கள். ராஸ்தஃபாரி சமயக்காரர்களின் பாட்டு என்று வானொலியில் அதைத் தடுத்தார்கள். காங் விடவில்லை. இது விவிலியம் ஐயா, விவிலியத்தையா தடுக்கிறீர்கள் என்று வாதாடினார். தடை போனது, பாட்டு உச்சிக்குப் போனது. எட்டு வருஷம் கழித்து போனி எம் எடுத்தபோது பேரரசரை இறக்கிவிட்டு ஆண்டவரைப் பழையபடி உட்காரவைத்தார்கள். இந்த இரண்டு பதிவிலும் கடைசி மூன்று வசனம் இல்லை. ரோமும் கிங்ஸ்டனும் ஜெர்மனியும் ஒரே இடத்தில் கத்தரி வைத்திருக்கின்றன.

ஆனால் கிங்ஸ்டனில் வெட்டியது வேறு கணக்கு. வெட்டிய கோபத்தை அவர்கள் தூக்கிப் போடவில்லை. அந்தச் சமயமே அந்தக் கோபத்தின் மேல் எழுந்ததுதான்.

லெனார்ட் ஹவல் என்பவர் 1933-இல் ஜமைக்காவின் கிழக்குக் கோடியில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அந்த வட்டாரத்தின் பெயர் செயின்ட் தாமஸ். (புனித தோமாவின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட சாந்தோம்காரனுக்கு இதைப் படித்ததும் ஒரு குறுகுறுப்பு வராமல் இருக்குமா?) 1930 நவம்பர் 2-ஆம் தேதி எத்தியோப்பியாவில் ஹைலே செலாசி முடிசூடியிருந்தார். இங்கிலாந்து ராஜா நமக்கு ராஜா இல்லை, இவர்தான் நம் ராஜா, இவரே கடவுள் என்றார் ஹவல். பேரரசரின் படத்தை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு விற்றார். 1934-இல் ராஜதுரோக வழக்குப் போட்டு இரண்டு வருஷம் உள்ளே வைத்தார்கள். அவர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் கங்குங்குரு மராஜ். பெயரிலேயே நம் வாடை அடிக்கிறதல்லவா? 1845 மே 10-ஆம் தேதி 'பிளண்டல் ஹண்டர்' கப்பல் முதல் இந்தியக் கூலிகளை ஜமைக்காவில் இறக்கியது. அடுத்த எழுபது வருஷத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் வடக்கத்தியர். மெட்ராசில் கப்பலேறியவர்களும் உண்டு. ராஸ்தாக்கள் பூசைப்பொருளாகப் புகைக்கிற கஞ்சா இவர்களோடு போனது. பெயரும் அப்படியே இருக்கிறது. ஜடாமுடியும் நம் சாமியார்களைப் பார்த்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். விவிலியத்து நாசீர் விரதத்திலிருந்து வந்தது என்பார்கள் ராஸ்தாக்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. தன்னைக் கடவுள் என்று அந்தப் பேரரசர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அவர் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபைக்காரர், முறையாகப் பூசை கண்டவர். அந்தச் சபைக்கும் நம் பக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது. தோமாவை மூலவராகக் கொள்ளும் கேரளத்து மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையும் எத்தியோப்பிய சபையும் ஒரே குடும்பம். 1965 ஜனவரியில் செலாசி அந்தக் குடும்பத்துத் தலைவர்களையெல்லாம் அடிஸ் அபாபாவுக்கு அழைத்துக் கூட்டம் போட்டபோது மலங்கரையின் கத்தோலிக்கோசும் போயிருந்தார். அதற்கு அடுத்த வருஷம் 1966 ஏப்ரல் 21-ஆம் தேதி அதே மனிதர் கிங்ஸ்டனில் விமானத்திலிருந்து இறங்கினால், ஓடுபாதை முழுக்க ராஸ்தாக் கூட்டம், தெய்வமே வந்துவிட்டது என்று. 1974-இல் பட்டாளத்தார் அவரைக் கவிழ்த்தார்கள். அடுத்த வருஷம் இறந்தார். அவர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வொல்லோ மாகாணத்தில் பஞ்சம் வந்து சனங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். கடவுள் ஆள்கிற நாட்டில் பஞ்சம்.

கத்தோலிக்கனாக எனக்கு இதில் தயக்கமே இல்லை. மனிதனை, அதுவும் ராஜாவை, கடவுளாக்குவது சரியில்லை. ரெகே பாடகர் பாப் மார்லியும் கடைசியில் 1980 நவம்பரில் அந்தப் பேரரசரின் சபையிலேயே ஞானஸ்நானம் பெற்றார். பேரரசரைக் கடவுள் என்று ஏற்காத சபை அது. 1981 மே மாதம் அவரை அடக்கம் செய்ததும் அந்தச் சபை முறைப்படிதான்.

ஆனால் சாந்தோமில் இருந்துகொண்டு ராஸ்தாக்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. கோயிலுக்குக் கீழே யாருடைய கல்லறை இருக்கிறது? பார்க்காமல், விரல் விட்டுத் தொடாமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்தவரின் கல்லறை. கடவுளுக்குக் காயம் இருக்கிறதா, அது என் விரலுக்குப் படுகிறதா என்று கேட்டவர். ஜமைக்கா அடிமைகளுக்கு எசமானன் கொடுத்த படத்தில் கடவுள் எசமானனின் நிறத்தில் இருந்தார். தொட்டுப் பார்த்தால் தன் தோலாக இருக்கிற ஒரு கடவுளை அந்தச் சனம் தேடியது. கிடைத்த ஆள் தப்பாக இருக்கலாம். தேடியது தப்பில்லை. தோமா இங்கே கி.பி. 52-இல் வந்தார், 72-இல் மலையில் குத்துப்பட்டார் என்று நாங்கள் சொல்வதற்கு மட்டும் பத்திரம் இருக்கிறதா என்ன? கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஒரு கம்பம் நிற்கிறது. அதைத் தாண்டிக் கடல் வராது என்று தோமா சொன்னதாக நம்பிக்கை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டது. அந்தக் கம்பத்துக்குக் கிழக்கேயும் தெற்கேயும் இருந்தவர்கள் கதை வேறு. அதற்கு வருகிறேன்.

கோபம் இந்த இசைக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்பதைக் கிட்டாரை வைத்துக்கொண்டுதான் சொல்ல முடியும். ஜி கார்டு பிடியுங்கள். வலது கையால் ஒரே ஒரு வெட்டு. சத்தம் எழுந்த அதே நொடியில் இடது கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். விரல் தந்தியை விட்டுப் போகக்கூடாது, அழுத்தம் மட்டும் போகவேண்டும். தந்தி 'சக்' என்று செத்துவிடும். இதை நாலு அடியில் இரண்டாவதிலும் நாலாவதிலும் போடவேண்டும். ரெகேக்கு இவ்வளவுதான் கிட்டார். ஸ்கா என்றால் வேகம் கூடும், கை மேல்நோக்கி இழுக்கும், கூடவே டிராம்போனும் டிரம்பெட்டும் சேர்ந்து ஊர்வலம் போகும். டிரம்ஸ்காரர் 'ஒன் டிராப்' போட்டால் முதல் அடியில் ஒன்றுமே விழாது. அத்தனை கனமும் மூன்றாவது அடியில்தான். கேட்பவன் எந்த அடியில் தலையாட்டத் தயாராக இருக்கிறானோ, அந்த அடி அங்கே காலி. கோயிலில் இதை வாசித்துப் பாருங்கள், தெரியும். கூட்டம் முதலடியில் கைதட்டும், நாம் இரண்டில் வெட்டுவோம், நடுவில் ஆர்மோனியக்காரர் இரண்டு பேரையும் முறைப்பார்.

மயிலாப்பூரில் மிருதங்கம் வாசிக்கிற நண்பர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். "இதுல என்னய்யா புதுசு? சமத்தைத் தள்ளி எடுக்கறது. எங்ககிட்ட அரையிடம் ஒண்ணரை இடம் எல்லாம் இருக்கே" என்றார். இருக்கிறதுதான். ஆனால் அவர் எங்கே சுற்றினாலும் கோர்வை வைத்து வந்து விழ ஓர் இடம் வைத்திருக்கிறார். சபா மொத்தமும் அந்த இடத்துக்குக் காத்திருந்து 'ஆகா' போடும். ரெகேயில் அந்த வந்து சேரல் கிடையாது. பாட்டு முடிகிறவரை முதலடி காலியாகவே இருக்கும். 1992-இல் 'சின்னச் சின்ன ஆசை' வந்தபோது அந்த இடையடியின் சாயல் என் காதில் பட்டு, ரேடியோ பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஆசைப் பாட்டுக்கு எவ்வளவு பொருத்தமான தாளம்! அதே தாளத்தில் கோபத்தையும் பாடலாம் என்பதுதான் ஜமைக்காக்காரர்கள் கண்டுபிடித்தது. கத்தாமல், அவசரப்படாமல், ஆடிக்கொண்டே.

இந்த இசையின் தாய்வீடுகளில் ஒன்று கத்தோலிக்க அனாதை விடுதி என்பதை எங்கள் பங்கில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். கிங்ஸ்டனில் இரக்கத்தின் கன்னியர் நடத்திய ஆல்ஃபா ஆண்கள் பள்ளி. போக்கிடமில்லாத பையன்களுக்குத் தச்சு, தையல், அச்சு வேலையோடு பேண்டு வாத்தியமும் கற்றுக்கொடுத்தார்கள். 'ஸ்காட்டலைட்ஸ்' என்ற முதல் பெரிய ஸ்கா குழுவின் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் நால்வரும் அந்தப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களைக் கட்டி மேய்த்தவர் சிஸ்டர் மேரி இக்னேஷியஸ். 1939-இலிருந்து 2003-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். பள்ளிக்கென்று சவுண்ட் சிஸ்டமே வாங்கி வைத்து, இசைத்தட்டு சேர்த்து, பையன்களுக்குத் தானே போட்டுக் காட்டுவார். பாக்சிங்கும் பிடிக்கும் அந்த அம்மாவுக்கு. டான் டிரம்மண்டின் டிராம்போனைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் எவ்வளவு வெடிப்பு அடங்கியிருக்கிறது என்று. அந்த வெடிப்பை நல்ல பிள்ளையாக மாற்றாமல் கையில் வாத்தியத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தது ஒரு கன்னியர் மடம். திருப்புகழ்மாலையைத் திருத்திய கமிட்டியில் இந்த சிஸ்டரைப் போட்டிருக்கலாம்.

நம் பக்கத்தில் கோபத்தைக் கடவுள் முன்னால் வைத்தவர்கள் இல்லையா? மயிலாப்பூர்க்காரர் என்று சொல்லப்படுகிற வள்ளுவரே, பிச்சையெடுத்துப் பிழைக்கிற நிலை ஒருவனுக்கு வருவதைப் பேசும்போது உலகத்தைப் படைத்தவனுக்கே சாபம் கொடுக்கிறார். 'இரவச்சம்' அதிகாரத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதை நடத்துகிற வாத்தியார்கள் வேகமாகத் தாண்டிப்போவார்கள். (தோமாவிடம் பாடம் கேட்டுத்தான் வள்ளுவர் எழுதினார் என்று சொல்கிறவர்கள் எங்கள் பேட்டையில் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேட்டிருந்தால் இந்தக் குறளைத் தோமா அடித்துவிடச் சொல்லியிருப்பாரோ என்னவோ.) அதே வள்ளுவரைப் பௌத்தர் என்று சொன்னவர் அயோத்திதாசப் பண்டிதர். சாந்தோமிலிருந்து கூப்பிடு தூரத்தில் இராயப்பேட்டையிலிருந்து 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கியவர். பிறந்தது 1845 மே மாதம், அந்தக் கூலிக் கப்பல் ஜமைக்காவில் கரை தொட்ட அதே மாதம். அதில் அர்த்தம் தேடவேண்டாம். ஆனால் இரண்டு இடத்திலும் நடந்த வேலை ஒன்றுதான். பறையர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஆதியில் பௌத்தர்கள், சாதி இல்லாதவர்கள், தோற்கடிக்கப்பட்டதால் தாழ்த்தப்பட்டவர்கள் என்றார் பண்டிதர். அடிமைகளின் பிள்ளைகள்தான் உண்மையான இஸ்ரவேலர் என்றார்கள் ராஸ்தாக்கள். வரலாற்றுப் பேராசிரியர் இருவரிடமும் ஆதாரம் கேட்பார். கேட்கட்டும். நீ கொடுத்த பெயரில் என் கடவுளை நான் கும்பிடமாட்டேன் என்று சொல்வதற்கு ஆதாரம் எதற்கு? பண்டிதரின் 'சாதி இல்லாதவர்கள்' என்ற சொல்லிலிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்ட 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது, கானாவும் பறையும் ராப்பும் கலந்து வந்தது அந்தக் கோபம்தான். அவர்கள் செபம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

செபம் என்றே சொல்லிச் செய்தவர் ஒருவர் இருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்றால் தெரியும். சி.எஸ்.ஐ. போதகர்; 2005-இல் மறைந்தார். கர்நாடக இசையில் அமைந்த கிறித்தவக் கீர்த்தனைகளை ஒதுக்கிவிட்டு, கிராமத்து மெட்டில், பறையோடு வழிபாட்டுப் பாட்டுக் கட்டினார். எல்லாரும் ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாதவரை நற்கருணைக்கு என்ன அர்த்தம் என்பது அவர் கேள்வி. இன்றைக்குப் பறை எங்கள் கத்தோலிக்கக் கோயில்களிலும் வந்துவிட்டது. காணிக்கைப் பவனிக்குப் பறை, பிஷப் வரவேற்புக்குப் பறை. கல்லறைத் தோட்டத்தில் சாதிக்குச் சுவர் வைத்திருக்கிற பங்குகளும் அதே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. மேளம் வேண்டும், அதை அடிக்கிறவன் மனசில் இருப்பது வேண்டாம்.

இங்கேதான் அந்தத் திருப்பாடல் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பாபிலோன்காரன் கேட்டதும் இதைத்தானே? உங்கள் பாட்டு நன்றாக இருக்கும், ஒன்று பாடுங்கள் என்றான். அழுகையும் கோபமும் அவனுக்கு வேண்டாம், பாட்டு மட்டும் போதும். கடைசி மூன்று வசனத்தை எடுத்துவிட்டு மீதியை இனிமையாகப் பாடு என்று சொல்லும்போது நாம் எந்தக் கரையில் நிற்கிறோம்? இன்னொன்றும் கவனித்தேன். பாடமாட்டோம் என்று சொல்வதே அங்கே ஒரு பாட்டாக இருக்கிறது. பிடித்துவந்தவனுக்குப் பாட மறுத்தவன், அதே வாயால் கடவுளிடம் பாடியிருக்கிறான், குழந்தைகள் மேல் விட்ட சாபம் உட்பட. கல்லைக் கையில் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றுகிறது என்று கடவுள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டான். இதைச் செபம் இல்லை என்றால் வேறு எதைச் செபம் என்பது? கண்ணை மூடிக்கொண்டு நல்ல வார்த்தையாகப் பொறுக்கிச் சொல்வதையா?

போனி எம் பாட்டு வந்த அதே 1978-இல், ஏப்ரல் 22-ஆம் தேதி கிங்ஸ்டன் ஸ்டேடியத்தில் ஒரு சமாதானக் கச்சேரி நடந்தது. இரண்டு கட்சிக்காரர்களின் அடியாட்கள் ஊரைச் சுட்டுக்கொண்டிருந்த நேரம். பாப் மார்லி மேடைக்கு அந்தக் கட்சிகளின் தலைவர்களான மைக்கேல் மேன்லியையும் எட்வர்ட் சியாகாவையும் கூப்பிட்டு, இருவர் கையையும் தலைக்கு மேல் சேர்த்துப் பிடித்தார். அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. அன்றைக்கு அவருக்கு முன்னால் மேடையேறிய பீட்டர் டாஷ் செய்தது வேறு. எதிரே உட்கார்ந்திருந்த அதே தலைவர்களைப் பார்த்து, ஏழையைப் போலீஸ் எப்படி நடத்துகிறது என்று பேச்சாகவே கொட்டித் தீர்த்தார். நியாயம் இல்லாமல் சமாதானம் என்ன சமாதானம் என்பது அவர் கட்சி. சில மாதத்தில் போலீசார் அவரைப் பிடித்து அடித்து நொறுக்கினார்கள். பங்குக் கூட்டத்தில் இதைச் சொன்னால் எல்லாரும் மார்லியைப் பிரார்த்தனைக்காரர் என்பார்கள், டாஷை அரசியல்வாதி என்பார்கள். நான் மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் டாஷைப் பட்டியலிலிருந்து எடுக்க ஒப்பமாட்டேன். எரேமியாவும் யோபுவும் பேசாததையா அவர் பேசிவிட்டார்?

எங்கள் குப்பத்துப் பெண்ணுக்கு இந்த வாதமெல்லாம் சுற்றிவளைப்பு. அவள் தாத்தா காலத்தில், 1985-இல், மெரினாவை அழகாக்குகிறோம் என்று கட்டுமரத்தையும் வலையையும் அகற்றப் போய், துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன் கடைகளை அகற்றியபோது அவள் அம்மா நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் படகை இழுத்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். பிறகு அதே சாலையில் புது அங்காடி கட்டித் திறந்தார்கள். சொந்தக் கரையிலேயே அன்னியமாவது எப்படி என்று ஜமைக்கா போய்க் கற்கவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. "நாங்க கோயிலுக்கு வந்தா மட்டும் கோவத்த செருப்போட வெளிய விட்டுட்டு வரணுமா மாஸ்டர்?" என்றாள். அடுத்த முறை இந்தத் திருப்பாடல் வரும்போது ஒன்பது வசனத்தையும் பாடவேண்டும் என்பது அவள் கோரிக்கை. நான் அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஒத்திகையில் அதைச் சொன்னபோது, குழுவிலேயே மூத்த அம்மா ஒருவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவரும் கடற்கரைக்காரர், சீனிவாசபுரம். சுனாமியில் பேரப்பிள்ளையைக் கொடுத்தவர். தண்ணீர் பிள்ளைகளைத் தூக்கிச் சுவரில் அடித்ததைக் கண்ணால் பார்த்தவர். "யாரு பெத்ததா இருந்தா என்னம்மா, என் வாயால அத சொல்ல வராது. நீங்க வேணா பாடுங்க. நான் நிக்கிறேன்" என்றார். அந்தப் பெண் பதில் பேசவில்லை. என்னிடமும் பதில் இல்லை. கோபத்தைக் கடவுளிடம் ஒப்படைக்கலாம் என்று நான் சொன்னதெல்லாம் சரிதான். ஒப்படைக்கிற பாட்டுக்கு நடுவில் எதிரியின் குழந்தை அல்லவா நிற்கிறது? டாஷின் கோபத்தில் அந்தக் குழந்தை இல்லை. வள்ளுவர் சாபத்திலும் இல்லை, அவர் நேரே படைத்தவனையே பிடித்தார். அந்த விஷயத்தில் திருப்பாடலைவிட மயிலாப்பூர்க்காரர் எனக்கு நியாயமாகத் தெரிகிறார்.

மார்ச் 10-ஆம் தேதி வழக்கம்போல ஆறு வசனத்தோடு முடித்தோம். இனி 2027 தவக்காலத்தில்தான் வரும். பாதர், பூசைக்குள் மாற்ற முடியாது, பூசைக்கு வெளியே சிலுவைப்பாதையன்று வேண்டுமானால் பார்க்கலாம் என்று பாதிக் கதவு திறந்து வைத்திருக்கிறார். ஏழும் எட்டும் பாடுவது, ஒன்பதை யாராவது ஒருவர் வாசிப்பது என்று இப்போதைக்கு ஒரு பேச்சு. யார் வாசிப்பது என்று முடிவாகவில்லை. அவள் அதற்குள் மெட்டு போட்டுவிட்டாள். ஏழாம் வசனத்தில் மைனர் கார்டுக்குப் போய்விடலாம், கோபம் எடுபடும் என்றேன். "வேணாம் மாஸ்டர், மேஜர்லயே இருக்கட்டும், டெம்போவும் ஏத்தாதீங்க" என்கிறாள். மெலோடியன்ஸும் மேஜரில்தான் அழுதார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் ஏழாவதில் ஒரே ஒரு ஏ மைனராவது வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.